கழுத்தைத் தொட்டாரா?

“புரட்டாசி கடைசி ஞாயிறு, மதியம். ‘ரிதம் நல்லாத்தானே இருக்குது, தூங்கறாருங்க.’ சொன்னவர் பணி மருத்துவர். நேரில் கேட்டவர் அண்ணி. நான் அங்கே இல்லை. எழுதியது மறுநாள் மாலை, எல்லாம் முடிந்து குளித்த பிறகு.”

என் நாட்குறிப்பில் அந்தப் பக்கத்தில் இவ்வளவுதான் இருக்கிறது. எதை எழுதினாலும் யார் சொன்னது, கண்ணால் கண்டதா காதால் கேட்டதா, எப்போது எழுதியது என்று சேர்த்து எழுதுவது என் வழக்கம். வரலாற்றுப் புத்தகங்களை விழுந்து விழுந்து படித்ததில் ஒட்டிக்கொண்டது. எங்கள் ஊரில் முதல் ஆழ்துளைக் கிணறு யார் தோட்டத்தில் போட்டார்கள், ஏரிக்கரை ரோட்டுக்கு எப்போது தார் போட்டார்கள், எந்த மழையில் பாலம் போயிற்று என்றெல்லாம் எழுதி வைத்திருக்கிறேன். யாரும் கேட்டதில்லை. அண்ணன் மட்டும், “இதையெல்லாம் யாருக்குக் காட்டப் போற?” என்று கேட்பார். கடைசியில் அவரைப் பற்றியே எழுத வேண்டி வந்தது.

அண்ணன் ஆழ்துளைக் கிணறு போடும் போர்வெல் வண்டியில் மேனேஜர். வருடத்தில் பெரும்பகுதி வடக்கே எங்காவது இருப்பார். மழைக்கு வண்டி நின்றதால் அப்போது ஊரில் இருந்தார். அந்த ஞாயிறு சாப்பிட்டு எழுந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பக்கத்து டவுனில் ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பின்னாலேயே ஒரு வேன் நிறைய சொந்தக்காரர்கள் போனார்கள். எங்கள் பக்கத்தில் அப்படித்தான். ஆள் எவ்வளவு சேர்கிறதோ அவ்வளவு மரியாதை.

இதில் ஒன்றை வெளியூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டும். மானிட்டரில் அலாரம் அடித்தால், கதவுக்கு வெளியே நிற்கும் அத்தனை பேரும் உயிர் போய்விட்டது என்று நினைத்து உள்ளே பாய்வார்கள். பெண்கள் அலற ஆரம்பிப்பார்கள். ஆக்சிஜன் அளவைப் பார்க்க விரலில் மாட்டிய கிளிப் லேசாக நழுவினாலும் அலாரம் அடிக்கும். அதனால் எங்கள் ஊர் ஆஸ்பத்திரிகளில் டாக்டரானாலும் நர்ஸானாலும் சத்தம் கேட்டதும் கை தானாகப் போய் அலாரத்தை அமுக்கிவிடும். பிறகுதான் என்ன ஏது என்று பார்ப்பார்கள். சில சமயம் பார்க்க மாட்டார்கள். சொந்தக்காரர்களும் அதற்குள் ஒரு வழக்கத்துக்கு வந்துவிட்டார்கள். வெளியே வருகிறவரிடம், “கோடு ஓடுதுங்களா?” என்று கேட்பார்கள். ஓடுகிறது என்றால் ஆள் இருக்கிறார்.

அண்ணனுக்குக் கோடு ஓடிக்கொண்டுதான் இருந்தது. கிளிப் நழுவியதும் அலாரம் அடித்ததாம், அமுக்கினார்களாம். கொஞ்ச நேரம் கழித்து அண்ணி, “ஏனுங்க, மூச்சு வர்ற மாதிரி தெரியலைங்க” என்றிருக்கிறார். அதற்குத்தான் அந்தப் பதில். அண்ணி என்னிடம் சொன்னது: “கிட்டக்கூட வரலை அந்தாளு. திரையப் பாத்துக்கிட்டே சொன்னான்.” பிறகு வேறொரு டாக்டர் வந்து தொட்டுப் பார்த்தபோது உடம்பு சில்லிட்டிருந்தது. அப்போதும் திரையில் பச்சைக் கோடு மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது.

நான் நர்சிங் படித்து, நர்சிங் சொல்லிக்கொடுப்பவள். அப்படி நடக்கும் என்று எனக்குத் தெரியும். இதயத்தில் மின்சாரம் ஒழுங்காகப் பாயும், ஆனால் தசை சுருங்கி ரத்தத்தைத் தள்ளாது. மின்சாரத்தை மட்டும் பார்க்கும் மானிட்டர் எல்லாம் சரி என்று காட்டும். ஆளைத் தொட்டால்தான் தெரியும். கழுத்தில் இரண்டு விரல் வைக்கப் பத்து வினாடிக்கு மேல் ஆகாது.

சேலத்தில் ஒரு கல்லூரியில் வேலை பார்த்துக்கொண்டிருந்த நான், சில வருடங்களுக்குப் பிறகு, சேலம்–நாமக்கல் சாலையில் இருக்கும் ஒரு பெரிய தனியார் ஆஸ்பத்திரியின் பயிற்சிப் பிரிவுக்கு வந்தேன். அங்கே ஒரு சிமுலேட்டர் இருந்தது. பெஞ்சில் படுத்திருக்கும் ஒரு பொம்மை, அதன் தலைமாட்டில் ஒரு திரை, என் கையில் ஒரு லேப்டாப். லேப்டாப்பில் எந்த ரிதத்தைத் தேர்ந்தெடுக்கிறேனோ அது திரையில் ஓடும். முதல் மாதம் முழுக்க நான் அதோடு சண்டை போட்டேன். அது வரையும் அலைகள் மிகவும் சுத்தமாக இருந்தன. அச்சடித்த புத்தகத்தில் இருப்பதைப் போன்ற அலை எந்த நோயாளிக்கும் வராது. நோயாளி நடுங்குவார், வேர்த்த நெஞ்சில் ஒட்டிய பேட்ச் கழன்று தொங்கும். மென்பொருளில் நடுக்கத்தைக் கூட்ட ஒரு வசதி இருந்தது. அதைக் கூட்டி, அலைகளுக்கு அடியில் ஓடும் கோட்டை மேலும் கீழும் அலைய விட்டு, பழைய ஈசிஜி தாள்களைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, எங்கள் ஊர் நெஞ்சுகளைப் போல ஆக்கினேன். “முதல்ல ரேட். அப்புறம் சீரா வருதான்னு பாருங்க. அப்புறம் ஒவ்வொரு பெரிய அலைக்கு முன்னாடியும் சின்ன அலை இருக்குதா? பெரிய அலை அகலமா, குறுகலா?” நர்சுகள் எண்ணி எண்ணிப் பழகினார்கள். மூன்று மாதத்தில் நடுக்கத்தையும் உண்மையான கோளாறையும் பிரித்துச் சொல்ல ஆரம்பித்தார்கள். எனக்கு அதில் பெருமை உண்டு.

ரிதம் பட்டியலுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம் இருந்தது. நாடி உண்டா, இல்லையா. அதில் இருக்கும் டிக்கை எடுத்துவிட்டால் பொம்மையின் கழுத்தில் துடிப்பு நின்றுவிடும். ஆனால் திரையில் ரிதம் மாறாது.

அந்தக் கட்டத்தை முதலில் பார்த்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஏனென்றால் அன்றே அண்ணனின் கேஸை அதில் செய்து சேமித்தேன். நடுவயது ஆண், போர்வெல் வண்டி வேலை, சாப்பிட்ட பின் நெஞ்சுவலி, விரல் கிளிப் சரியாக மாட்டவில்லை, ரிதம் சீர், நாடி நடுவில் நிற்கும். கேஸுக்குப் பெயர் கேட்டது. ‘ஞாயிறு’ என்று வைத்தேன்.

வகுப்பில் இதை விளக்க எனக்குக் கஷ்டமே இல்லை. “தோட்டத்துல ஸ்டார்ட்டர் பெட்டியில பச்சை லைட் எரியுது. கரண்ட் இருக்குது. ஆனா தொட்டியில தண்ணி விழலை. நீங்க பெட்டியப் பாப்பீங்களா, தொட்டியப் பாப்பீங்களா?” எல்லாரும் தொட்டியை என்பார்கள். பிறகு கேஸை ஓட்டினால் எல்லாரும் பெட்டியையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

அன்று ‘தூங்கறாருங்க’ என்ற அந்தப் பணி மருத்துவர் இப்போது நான் சேர்ந்த ஆஸ்பத்திரியில்தான் இருந்தார். வேலைக்குச் சேர்ந்த வாரமே கேன்டீனில் பார்த்தேன். இடைப்பட்ட வருடங்களில் மேற்படிப்பு படித்து, ஐ.சி.யூ.வில் மூத்தவர்களில் ஒருவராகியிருந்தார். பெயரை அண்ணி சொல்லியிருந்தார், முகத்தை இறப்புச் சான்றிதழ் வாங்கப் போனபோது பார்த்திருந்தேன். அவருக்கு என்னைத் தெரியாது. “புதுசுங்களா மேடம்? சட்னி வாங்காதீங்க, சாம்பார் வாங்குங்க” என்றார். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். அது எனக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது.

உயிர்காக்கும் சிகிச்சைக்கான சான்றிதழை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். டாக்டர்கள் கோயம்புத்தூர் போய் எழுதிவிட்டு வருவார்கள். நான் நிர்வாகத்துக்கு ஒரு யோசனை எழுதிக் கொடுத்தேன். டாக்டர்கள் வெளியூர் போனால் டியூட்டிக்கு ஆள் குறைகிறது, இங்கேயே நடத்தலாம், கருவி இருக்கிறது, நான் இருக்கிறேன். யோசனை நல்ல யோசனைதான். ஏற்றுக்கொண்டார்கள். அதை ஏன் எழுதினேன் என்பது எனக்கு மட்டும் தெரியும். அதற்குப் பிறகு நான் செய்ய வேண்டியதெல்லாம் காத்திருப்பது.

நான் எதிர்பார்த்ததைவிட நல்ல சமயமாக அது அமைந்தது. புதிதாக இதயப் பிரிவு ஒன்று திறப்பதாக இருந்தார்கள். பொறுப்பு மருத்துவர் பதவி அவருக்குத்தான் என்று ஆஸ்பத்திரி முழுக்கப் பேச்சு. ஆணை போடும் நாளில் சான்றிதழ் நடப்பில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அவருடையது அந்த மாதத்தோடு முடிகிறது. தோற்றால் மறுபடி எழுதலாம், ஆனால் இங்கானாலும் வெளியூரானாலும் அடுத்த அணிக்குத் தேர்வு வைக்கும் வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் பதவி போய்விடும். அதாவது பதவி என் கையில் இருந்தது.

தேர்வு நாள் காலை டீயோடு ஆட்டையாம்பட்டி கைமுறுக்கு வந்திருந்தது. முதலில் நர்சுகள். மோகனூர்ப் பக்கத்திலிருந்து வரும் மூத்த ஸ்டாஃப் நர்ஸ் ஒருவர் எந்த வகுப்பையும் சிரிக்க வைத்துவிடுவார். பொம்மையின் தோளைத் தட்டி, “ஐயா, ஐயா, கேக்குதுங்களா?” என்று முறைப்படி கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, “எங்க ஊட்டுக்காரர் மாதிரியேதானுங்க மேடம், எத்தனை தட்டுனாலும் பதிலே வராது” என்றார்.

“கழுத்துல கை வெச்சுப் பாருங்க.”

“அவருக்கு வெக்கலாமுன்னு பல நாளா யோசனை இருக்குதுங்க.”

எல்லாரும் சிரித்தார்கள். பொம்மைக்கு நாடி வந்ததும் அவர் கேஸை முடித்தேன். வழக்கம் அதுதான். நாடி திரும்பினால் கேஸ் முடிந்தது. இடையில் அலாரம் அடித்தபோது அவரும் திரும்பிப் பார்க்காமல்தான் அமுக்கினார். அன்று வந்த ஒவ்வொருவரும் அப்படியே செய்தார்கள். “பாத்துட்டு அமுக்குங்க” என்று சொல்லிவிட்டு, தேர்ச்சி போட்டேன்.

டாக்டரின் முறை வந்தது. நான் ‘ஞாயிறு’ கேஸைத் திறந்தேன்.

நோயாளியின் விவரத்தைப் படித்தேன். போர்வெல் வண்டி என்றபோது அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. இந்தப் பக்கத்தில் போர்வெல் வண்டிக்காரர் வராத ஆஸ்பத்திரி ஏது? திரையில் பச்சைக் கோடு அழகாக ஓடியது. “சைனஸ் ரிதம், ரேட் எண்பது” என்றார், இயல்பான துடிப்பு என்று. நான் நாடிக் கட்டத்திலிருந்து டிக்கை எடுத்தேன். கேஸில் சொந்தக்காரராகப் பேசுவதும் பயிற்சியாளர்தான். அண்ணி சொன்னதை அண்ணி சொன்ன மாதிரியே சொன்னேன்.

“ஏனுங்க, மூச்சு வர்ற மாதிரி தெரியலைங்க.”

அவர் நின்றார். திரையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். நான் லேப்டாப்பைப் பார்த்தேன். ‘தூங்கறாருங்க’ என்று சொல்லப் போகிறார், இத்தனை பேர் முன்னால் சொல்லப் போகிறார் என்று உள்ளுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன்.

அவர் குனிந்து பொம்மையின் கழுத்தில் இரண்டு விரல் வைத்தார்.

“பல்ஸ் இல்லை. கம்ப்ரெஷன் ஆரம்பிங்க. அட்ரினலின். ஷாக் வேண்டாம், இது ஷாக்குக்குக் கேக்காது. காரணத்தைத் தேடுவோம்.” குரல் உயரவே இல்லை. யார் எங்கே நிற்க வேண்டும் என்று சொன்னார், நெஞ்சை அழுத்துகிறவர் களைக்கும் முன்னால் ஆளை மாற்றினார். நான் நடத்திய எந்தத் தேர்விலும் இவ்வளவு சுத்தமாக யாரும் செய்ததில்லை. மோகனூர் நர்ஸ் எனக்குப் பின்னால், “டாக்டர் அசத்தறாருங்க” என்று முணுமுணுத்தார்.

எனக்கு வந்தது நிம்மதி இல்லை. கோபம். இதை எங்கே கற்றுக்கொண்டாய் என்று எனக்குத் தெரியும். என் அண்ணன் மேல் கற்றுக்கொண்டாய். அவர் செத்த பிறகு உனக்கு விரல் கழுத்துக்குப் போகிறது. நீ கற்றுக்கொள்வதற்கு அவர் என்ன பொம்மையா?

நாடிக் கட்டத்தில் டிக் போட்டேன். அவர் தொட்டுப் பார்த்து, “பல்ஸ் வந்துருச்சு” என்றார். அறையில் எல்லாரும் பெருமூச்சு விட்டார்கள். யாரோ கை தட்டினார்கள். வழக்கப்படி இங்கே முடிந்தது.

நான் முடிக்கவில்லை. பயிற்சியாளர் நிறுத்து என்று சொல்லும் வரை கேஸ் தொடரும் என்றுதான் விதியில் இருக்கிறது. நான் ஆக்சிஜனைக் குறைத்தேன். அலாரம் அடித்தது. அவர் அப்போது நர்சிடம், நோயாளியை ஐ.சி.யூ.வுக்கு மாற்றுவதற்கு முன் என்னென்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். பேச்சை நிறுத்தாமல், திரும்பாமல், இடது கையை நீட்டி அலாரத்தை அமுக்கினார்.

அந்தக் கையை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். விரலுக்குப் புதுப் பழக்கம் வந்திருந்தது. கைக்குப் பழைய பழக்கம் போகவில்லை. நாடிக் கட்டத்திலிருந்து டிக்கை மறுபடி எடுத்தேன்.

பச்சைக் கோடு ஓடியது. அவர் பேசிக்கொண்டிருந்தார். யாரும் பொம்மையைத் தொடவில்லை. எனக்கு அவசரம் இல்லை. ஓட விட்டேன்.

“ஸ்டாப்” என்றேன்.

“முடிஞ்சுதுங்களா மேடம்?”

“பேஷன்ட்டத் தொட்டுப் பாருங்க.”

தொட்டார். விரலை எடுக்காமல் அப்படியே நின்றார்.

“எப்பப் போச்சுங்க?”

“நீங்க அலாரத்த அமுக்கினப்பவே.”

மோகனூர் நர்ஸ்தான் பேசினார். அவருடைய சிரிப்பெல்லாம் போயிருந்தது. “மேடம், பல்ஸ் வந்ததும் எங்களுக்கெல்லாம் முடிச்சுட்டீங்களே. நானுந்தானுங்க அலாரத்த அமுக்குனேன்.”

“அமுக்குனீங்க. உங்களுக்கு முடிஞ்சுது. டாக்டருக்கு முடியலை.”

மதிப்பெண் தாளில், அலாரத்தின் காரணத்தைப் பார்க்காமல் அமுக்கியது, நாடி நின்றதைக் கவனிக்காதது என்று எழுதி, தேர்ச்சி இல்லை என்று கையெழுத்துப் போட்டேன். இரண்டும் உண்மை. யாரும் அதில் ஒரு எழுத்தைக்கூடத் தப்பென்று சொல்ல முடியாது. அன்று மதியச் சாப்பாடு எனக்கு ருசித்தது.

சாயங்காலம் கருவியை மூடிக்கொண்டிருந்தபோது அவர் வந்தார். உட்காரவில்லை.

“நீங்க அந்த போர்வெல் வண்டி மேனேஜருக்கு என்ன வேணுமுங்க?”

“தங்கச்சி.”

“நீங்க அந்த வார்த்தையச் சொன்னப்பவே தெரிஞ்சுதுங்க. அந்தம்மா அப்படியேதான் சொன்னாங்க.” பொம்மையின் பக்கம் திரும்பினார். “நான் அன்னைக்கும் கழுத்துல கை வெச்சேனுங்க மேடம். அப்ப பல்ஸ் இருந்துச்சு. பாத்துட்டுத்தான் தூங்கறாருன்னு சொன்னேன். அதுக்கப்புறம்தான் போயிருக்குது.”

“யாரு பாத்தாங்க நீங்க வெச்சத?”

“யாரும் பாக்கலைன்னா வெக்கலைன்னு ஆயிருமாங்க?”

“பாத்தவங்க சொன்னதத்தான் நான் எழுதி வெச்சிருக்கறேன்.”

“அலாரத்த அமுக்குனது நான்தான். அத நான் இல்லைன்னு சொல்லலீங்க.” கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். “ரிசல்ட்ட மாத்துவீங்களா?”

“மாட்டேனுங்க.”

“சரிங்க. வாரேன்” என்று போய்விட்டார்.

பதவி கோயம்புத்தூரிலிருந்து வந்த வேறொருவருக்குப் போயிற்று. இவர் இப்போது அவருக்குக் கீழே வேலை பார்க்கிறார். அடுத்த அணியில் வெளியே எங்கேயோ எழுதி சான்றிதழ் வாங்கிவிட்டார், ஆனால் அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. வராந்தாவில் பார்த்தால் வணக்கம் சொல்கிறார். நானும் சொல்கிறேன். புதிய பிரிவின் கதவில் இன்னொருவர் பெயர்ப்பலகையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் திருப்தியாக இருக்கிறது. இதை மறைத்து எழுத எனக்குத் தெரியவில்லை.

தேர்வுக்கு அடுத்த ஞாயிறு ஊருக்குப் போனேன். அண்ணியின் தோட்டத்தில் ஆட்கள் மரவள்ளிக்கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்தார்கள், ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலையின் லாரி வரப்போரம் நின்றது. வேலையாட்களைப் பார்த்துக்கொண்டே அண்ணி நான் சொன்னதைக் கேட்டார்.

“எல்லாரு முன்னாடியுமா?”

“ஆமா.”

“நல்லா வேணும் அவனுக்கு.” லாரிக்காரரைப் பார்த்து, “மண்ண ஒதறிப் போடச் சொல்லுங்க, அப்புறம் எடையில புடிச்சுக்குவாங்க” என்று சத்தம் போட்டார். திரும்பி என்னிடம், “மூஞ்சி எப்படிப் போச்சு?” என்று கேட்டார்.

சொன்னேன். திருப்தியாகச் சிரித்தார். அப்போதுதான் கேட்டேன். அந்த டாக்டர் சொன்னதைச் சொல்லாமல், சும்மா, குறிப்பைச் சரிபார்ப்பது போலக் கேட்டேன்.

“அண்ணி, அன்னைக்கு அவர் அண்ணன் கழுத்தத் தொடவே இல்லைங்கறத நீங்க பாத்தீங்கல்ல?”

“கிட்ட வரலைன்னு சொன்னேனே.”

“வரவே இல்லையா?”

“வந்தானோ என்னமோ. கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்னுட்டுத்தான் இருந்தான்.”

“கை வெச்சாரா?”

அண்ணி சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். “எனக்கென்ன சாமி தெரியும்? நான் அந்தக் கோட்டத்தான பாத்துட்டிருந்தேன். அது நின்னுரக் கூடாதுன்னு வேற எங்கயும் கண்ண எடுக்கலை.”

கிழங்கு ஏற்றுவதைப் பார்க்க அண்ணி லாரிப் பக்கம் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து பழைய குறிப்பை எடுத்தேன். ‘சொன்னவர் பணி மருத்துவர். நேரில் கேட்டவர் அண்ணி.’ கேட்டவர் என்றுதான் எழுதியிருக்கிறேன். பார்த்தவர் என்று எங்கேயும் எழுதவில்லை. தொடவில்லை என்பது அந்தக் குறிப்பிலேயே இல்லை.

அன்று அந்த அறையில் இருந்தவர்களில் மிச்சம் ஒரு நர்ஸ். வளைகுடாவில் வேலை பார்ப்பதாகக் கேள்விப்பட்டு, எண்ணைத் தேடி வாங்கிச் செய்தி அனுப்பியிருக்கிறேன். படித்துவிட்டார். பதில் வரவில்லை. மதிப்பெண் தாளை நான் மாற்றவில்லை, மாற்றப் போவதும் இல்லை. ‘ஞாயிறு’ கேஸும் அப்படியே இருக்கிறது, புது அணிகளுக்கு ஓட்டுகிறேன்.

அந்த மதியம் பணி மருத்துவர் என் அண்ணனின் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாரா என்பது, இதை எழுதும் இன்றுவரை உறுதி செய்யப்படவில்லை.